முக்கால் டீ, கால் காபி

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இனியவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தப் போலந்துப் பனியில் மூக்கும் காதும் வைத்தது வைத்த இடத்தில் இருக்க நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உன் அம்மா பாஞ்சாலிக்கு உடம்புக்கும் குறையில்லை வாய்க்கும் குறையில்லை, இரண்டும் நன்றாக ஓடுகிறது. போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். நான் மூச்சு வாங்கப் பேசி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று உன் சினேகிதன் சுபாஷ் போட்டுக் கொடுத்துவிட்டான். என் குரல் எலி கத்துகிற மாதிரி இருக்குமாமே. காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது, உட்கார்ந்து படி. விஷயம் உன் கல்யாண விஷயம். மதிவதனி வீட்டார் நம் வீடு பார்க்க வந்தது பற்றி உன் அம்மா போனில், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடா என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டாள். அது கால்வாசிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீ சுபாஷிடம் கொடுத்தனுப்பிய அந்த அலுமினியக் காபிக் கூஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது. பெட்டியைப் பிரித்ததும் உன் அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இன்னாயா இது, சாமியாருங்க கையில தூக்கிக்கினு போவாங்களே அந்தக் கமண்டலமா, புள்ள அங்க போயி சாமியாரா ஆயிட்டானா என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். நீ வீடியோவில் வந்து காட்டின பிறகுதான் அழுகை நின்றது. கீழே தண்ணீர், நடுவில் காபித் தூள், மேலே காலி, அடுப்பில் வைத்தால் தண்ணீர் தானாக ஏறி மேலே காபியாக நிற்கும் என்றாய். நம் வீட்டு ஃபில்டரில் டிகாஷன் கீழே சொட்டித்தான் உன் அம்மாவுக்குப் பழக்கம், மேலே ஏறுகிற டிகாஷனை அவள் நம்பவே இல்லை. உங்கொப்பனையே நா மாடிப்படி ஏற வெக்க முடியல, இது ஏறுதாமே என்றாள். மறுநாள் காலை ஷிஃப்டு ஆட்களை ஒரகடத்தில் இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஷெட்டில் போட்டுவிட்டு வந்து நானே அடுப்பில் வைத்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் கூஜாவின் இடுப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அடுப்பை அணைத்துவிட்டது. ரேடியேட்டர் ஓஸ் விட்டுப்போன வண்டி மாதிரி ஒரே புகை. வாஷர் இல்லாத கோளாறுடி இது, உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்குமே என்று கேட்டால், அதுவா, அது தனியா கழண்டு வந்துச்சு, எலுமிச்ச ஊறுகா பாட்டில் மூடிக்குன்னே செஞ்ச மாரி இருந்துச்சு, மாட்டிட்டேன் என்கிறாள். அந்த வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, புளி போட்டுத் தேய்த்து மாட்டியும் அந்த முதல் காபியில் ஊறுகாய் வாசனை போகவில்லை. குடித்துவிட்டு எனக்குத் தயிர்சாதம் வேண்டும் போல இருந்தது.

இந்தக் காபியை மசாலா டீயில் கலந்து குடிக்க வேண்டும் என்றாயே, அந்த டீயாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. இஞ்சி, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ரெண்டு மிளகு என்று நீ சொன்னதில் உன் அம்மா காதில் விழுந்தது பட்டையும் கிராம்பும்தான். பட்ட கெராம்புன்னா பிரியாணி மசாலா, அதான் அரைச்சு டப்பால கீதே, எதுக்குத் தனியா இடிக்கணும் என்று ஒரு கரண்டி அள்ளி டீயில் போட்டுவிட்டாள். தெரு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு கங்கம்மாள் தட்டோடு வந்து நின்று, இன்னா பாஞ்சாலி, கெழம செவ்வா, வூட்ல பிரியாணி கொதிக்குது, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா என்று கேட்டாள். உன் அம்மா தட்டை வாங்கி வைத்துவிட்டு ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு கங்கம்மாள் கொஞ்ச நாளைக்கு நம் வாசல் பக்கமே வரவில்லை, சர்க்கரை கடன் கேட்கவும் வரவில்லை, அந்த வகையில் உன் டீயால் நமக்கு லாபம்தான். பிறகு நானே இஞ்சியைத் தட்டி, மற்றதை ஒன்றிரண்டாக நசுக்கித் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, தூள் போட்டு, பால் ஊற்றிப் பொங்கவைத்து வடிகட்டி, கூஜாவில் ஏறி நின்ற காபியை அதன் தலையில் ஊற்றி, ஒரு முழம் தூக்கி நாலு ஆற்று ஆற்றினேன். நீ அங்கே பேட்டரி போட்ட குச்சியை விட்டு நுரை வரவைக்கிறாயே, என் கைக்கு பேட்டரியே வேண்டாம். நன்றாகத்தான் இருந்ததடா. முதலில் இஞ்சி சுரீர் என்று பிடிக்கிறது, அப்புறம் அடியிலிருந்து காபி கசப்பாக எழுந்து வருகிறது, சண்டை போட்டுவிட்டுச் சமாதானமான புருஷன் பெண்டாட்டி மாதிரி. எல்லாம் சரி, அந்த ஊர்க் கடையில் இதற்கு அழுக்கு டீ என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பேர் சொல்வார்கள் என்றாயே, அதை மட்டும் வெளியே சொல்லாதே. உன் அம்மா, சம்பந்தி வூட்டுக்கு அழுக்கு டீயா, விளங்கிடும் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது கேள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மதிவதனி உன் அம்மாவுக்குப் போன் செய்தாள். நல்ல பெண்ணடா அவள், ஒளிவு மறைவு இல்லை. அத்த, எங்கப்பா போற வூட்ல காபி குடுங்கன்னு கேட்டு வாங்கிக் குடிச்சார்னா சம்மதம்னு அர்த்தம், டீ போதும்மான்னு சொல்லிட்டார்னா செருப்பத் தேடுறார்னு அர்த்தம், அக்காவுக்குப் பாக்கும்போது போன வூட்ல எல்லாம் டீயா குடிச்சுக்கினு வந்தாரு என்று சொன்னாள். வாலாஜாபாத் பக்கம் இது அவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதியாம். கடைசியில் அந்த அக்காவுக்கு அவர் காபி குடித்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா, அவர் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. ரெண்டு தெருவுக்குக் காபி குடித்த மனிதர் போலந்துக்கு என்ன குடிப்பார் சொல்.

மதிவதனியின் அப்பா நடேசனும் அவர் சம்சாரம் ரத்தினமும் வந்தார்கள். நடேசன் நல்ல உயரம், கல்யாண வீட்டிலும் வரப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்கிற ஆள். வீட்டைப் பார்த்தார், சரி. மாடியைப் பார்த்தார், சரி. உன் அம்மா சேர்த்து வைத்திருந்த நகையைப் பற்றிக் கூட ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற உன் போட்டோவுக்கு முன்னால்தான் நின்றுவிட்டார். கழுத்து வரைக்கும் பனியில் நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிறாயே, அந்தப் படம். வெகு நேரம் பார்த்தார். சமையலறையில் இருந்து உன் அம்மா வந்து, அண்ணா காபி குடிக்கிறீங்களா டீ குடிக்கிறீங்களா என்று கேட்கும்போது அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், டீ போதும்மா என்றார்.

உன் அம்மா அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினத்தம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே தலையைக் குனிந்துவிட்டார். நான் பார்த்தேன், சரி, டீ கொடுக்க வேண்டியது என் பொறுப்பு என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் மசாலா டீ கொதித்துத் தயாராக இருக்கிறது, பக்கத்தில் கூஜாவில் காபி ஏறி நிற்கிறது. யாரையும் கேட்கவில்லை. டீயை வடிகட்டினேன், காபியைத் தலையில் ஊற்றினேன், ஆற்றினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். புருவம் ஏறியது. இன்னொரு வாய். கடைசி வரை குடித்துவிட்டு டம்ளர் அடியை எட்டிப் பார்த்தார். அப்புறம் மெல்ல, இன்னாங்க இது, டீன்னு குடுத்தீங்க, உள்ள காபி வாசன வருதே என்றார். ஆமாங்க, நீங்க கேட்ட டீதான், உள்ள கொஞ்சம் காபி கீது, எம் புள்ள அங்க குளுருக்கு இதத்தான் போட்டுக் குடிக்கிறான் என்றேன். அவ்வளவுதான், அதுவரைக்கும் வாயே திறக்காத ரத்தினத்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார் பார். காபி குடிச்சுட்டீங்க, போதும், தட்ட மாத்துற தேதியப் பேசுங்க என்றார். நடேசனுக்கு வந்ததே கோபம், நா கேட்டது டீ என்கிறார். கேட்டது டீதான், உள்ள போனது காபி, எறங்குனதத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா என்று இந்த அம்மாள் கேட்கிறார். உன் அம்மாவுக்கு இப்படி ஒரு சம்பந்தி கிடைத்தால் நானும் நடேசனும் இனி வெளியில்தான் படுக்க வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. நடேசன் என் பக்கம் திரும்பி, உண்மையச் சொல்லுங்க, இதுல எத்தினி பங்கு காபி என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. முக்கால் டீ, கால் காபிங்க என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போ கால் பங்குதான் சம்மதம் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. வாசலில் வண்டி எடுக்கும்போது என்னிடம் மட்டும், புள்ள மேல ஒரு கொறையும் இல்லீங்க, அம்மாந்தூரத்துல பொண்ணுக்கு ஒரு காய்ச்சல்னா நா எப்போ போய்ச் சேர்றது என்றார். உனக்குக் காய்ச்சல் என்று போன வருஷம் சொன்னாயே, அன்றைக்கு நானும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினேன். வைகாசியோடு உன் காண்ட்ராக்ட் முடிகிறது, இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக் கேட்கப் போகிறேன் என்று சுபாஷிடம் சொன்னாயாம். நீட்டு, நீட்டாதே, அது உன் இஷ்டம், சம்பாதிக்கிற பிள்ளையை நான் கட்டிப்போடவில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறாய் என்பதை அவருக்கு நீயே போன் போட்டுச் சொல். மதிவதனியை விட்டுச் சொல்லச் சொல்லாதே, உன் அம்மாவை விட்டும் வேண்டாம், அவள் ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு போன வியாழக்கிழமை நடேசன் திடீரென்று தனியாக வந்து நின்றார். படப்பையில உர விஷயமா ஒரு வேல, அப்படியே வந்தேன் என்றார். வாலாஜாபாத்தில் கிடைக்காத உரமா படப்பையில் கிடைக்கிறது, நான் கேட்கவில்லை. உட்கார்ந்தார், நீ பனியில் நிற்கிற படத்தை ஒரு பார்வை பார்த்தார். உன் அம்மா பயந்துகொண்டே, அண்ணா காபியா டீயா என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, அன்னிக்கு ஒண்ணு போட்டீங்களே அதையே போடு தங்கச்சி, காபிய மட்டும் கொஞ்சம் தூக்கலா ஊத்தச் சொல்லு என்றார். பாதிக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

ஆக இப்போது விஷயம் பாதிக் கிணறு தாண்டி நிற்கிறது, மிச்சத்துக்கு நீ பேசினால்தான் ஆகும். லீவு கிடைத்ததும் வா, வந்து உன் கையால் போட்டு அவருக்குக் கொடு. இதோடு இடித்த மசாலாப் பொடி வைத்திருக்கிறேன், டீக்கு மட்டும் போடு, கோழிக் குழம்பில் கொட்டிவிட்டு அப்பா பேரைக் கெடுக்காதே. காதை மூடிக் குல்லா போடு, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் அந்தப் பெண்ணும் எங்கே இருந்தாலும் ஒரே அடுப்பில் காய்ச்சிக் குடித்து நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனசாரச் சொல்கிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே, வரும்போது அந்தக் கூஜாவுக்குப் புது வாஷர் வாங்கிக்கொண்டு வா. மசாலா இருக்கிற வரைக்கும் தெரியவில்லை, என்றைக்காவது அந்த மனிதர் முழுக் காபியாகவே கேட்டுவிட்டால் ஊறுகாய் வாசனை வெளியே வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கும் வாஷருக்கும் காத்திருக்கும்
அப்பா சின்னப்பையன்.