கானுக்கு அந்தப் பக்கத்துச் சாயத்தண்ணி

ஐயா,

கண்டி மஹய்யாவையில் இன்று காலை பேச்சாயி கொடுத்த, பால் விடாத சாயத்தண்ணியின் இஞ்சி வாசம் இன்னும் கையில் இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கியிருப்பீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லாத ஒன்றை உங்கள் கிளாக்கரான நான் இப்போது எழுதுகிறேன்.

அன்று மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் கூட்டம் போடத் தோட்டத்துத் துரை விடவில்லை. ஓட்டுப் போட்டு உங்களைச் சட்டசபைக்கு அனுப்பியதே அந்தச் சனங்கள்தான். அவர்கள் வாசலுக்கு நீங்கள் போகக்கூடாதாம்! "ரோடு அரசாங்கத்தோடதுதானே" என்று ரோட்டில் நின்றே பேசினீர்கள். ரோட்டோர வடிகாலான கானுக்கு அந்தப் பக்கம், தோட்டத்து மண்ணில், சனங்கள் நின்றார்கள். பேச்சு முடிந்ததும் கொழுந்துக் கூடையோடு பேச்சாயி முன்னால் வந்தாள்.

"ஓட்டுக் கேட்டீங்க, போட்டோம். இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு வாய் சாயத்தண்ணி குடிக்காம போனா எப்புடிங்க ஐயா?"

நான் உங்கள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "வேணாங்க ஐயா, கேஸ் போட்டுருவான்."

"வீட்டுக்காரி கூப்புட்டாச்சு. இனி தொரை வேற கூப்புடணுமா?" என்று கேட்டபடி கானைத் தாண்டினீர்கள். நான் பயந்து ரோட்டிலேயே நின்றுவிட்டேன். அந்த வெட்கத்தைத்தான் உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அத்துமீறி நுழைந்ததாக உங்கள்மேல் வழக்குப் போட்டார்கள். கண்டிக் கோர்ட்டில் எதற்குப் போனீர் என்று கேட்டபோது, "சாயத்தண்ணி குடிக்க" என்றீர்கள். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அந்த வாரமே பேச்சாயி குடும்பத்தை வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். வேலையும் போயிற்று, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருந்த காம்பராவும் போயிற்று; மஹய்யாவைக்கு வந்து சேர்ந்தார்கள்.

லயத்தில் குடியிருப்பவர் தம் வீட்டுக்கு யாரையும் அழைக்கலாம் என்று சட்டம் வேண்டுமெனச் சபையில் கேட்டீர்கள். "ரோடு கேளும், பாலம் கேளும், அடுத்த முறையும் ஜெயிக்கலாம்" என்று கூட இருந்தவர்களே புத்தி சொன்னார்கள். வெட்கமில்லாமல் நானும் சொன்னேன்.

"பாலத்தப் போட்டுட்டு யாரு வீட்டுக்குய்யா போறது?" என்று எரிந்து விழுந்தீர்கள்.

தீர்மானம் தோற்றது. அடுத்த தேர்தலில் நீங்களும் தோற்றீர்கள். தோற்றால் என்ன ஐயா? சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் விழுங்கவில்லையே!

அங்கேயே வேறு குடும்பத்தில் வாக்கப்பட்ட பேச்சாயியின் தங்கை இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். "கிளாக்கரையாவ ஒருவாட்டி வீட்டுக்கு வரச் சொல்லுக்கா" என்று பேச்சாயியிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். வெளியார் நுழையக்கூடாது என்ற பலகையும் அங்கேயேதான் தொங்குகிறது. தொங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அன்று உங்கள் கோட்டை இழுத்த இதே கையால் கோப்பையை வாங்கிக் குடிப்பேன். கோர்ட்டில் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் எனக்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.