முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும்

என் அன்புச் செல்லம்மா,

ரப்பர் தோட்டத்துத் துரையின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் நேற்று மலாக்கா காஜா பெராங் தெருவில் இருக்கும் நம் பட்டறைக்கு வந்தது. துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம், சொல்லிக்கொள்ள வந்தார். நீ கண்ணை மூடி ஒரு வருஷமானது அவருக்குத் தெரியாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்து அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற நான் வண்டிக்கு அடியில், பிரேக்கை மிதிக்க நீ சீட்டில். சேலை கட்டியவள் துரை வண்டியில் உட்காருவதா என்று எதிர்வீட்டில் பேசினார்கள். பேசட்டுமே என்றாய்.

பிரேக் எண்ணெய் குழாய்க்குள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன வால்வு உண்டு. மிதியிலிருந்து காலை எடுத்ததும் எண்ணெய் முழுவதையும் திரும்ப விடாமல், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும். அடுத்த மிதியில் பிரேக் உடனே பிடிப்பது அதனால்தான். நான் விளக்கியபோது, "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பாம ஒருத்தர வாசல்ல நிறுத்தி வைக்குது, அதானே?" என்றாய்.

அன்று அதைக் கழுவி மாட்டியது நான். வண்டி தயார் என்று துரையிடம் சொல்லியும் விட்டேன். மனைவியோடு புக்கிட் பாரு மலை இறக்கத்தில் போகப்போகிறார்.

"என்னங்க, முதல் மிதி கீழ போவுது. ரெண்டாவதுலதான் புடிக்குது."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, இறங்கு."

"தொறந்து பாருங்க. அதுவரைக்கும் இறங்க மாட்டேன்."

துரை கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். திறந்தேன். வால்வின் ரப்பர் உப்பிப்போய், உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் இருந்தது. பெட்ரோல் பட்டால் ரப்பர் உப்பும் என்று தெரிந்தும் அவசரத்தில் அதிலேயே கழுவியிருந்தேன், எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடாத வேலை. புதுசு போட்டேன்.

துரை என் தோளைத் தட்டி, மலாக்காவிலேயே என்னைப் போல் கவனமான ஆள் இல்லை என்றார். சிரித்து வாங்கிக்கொண்டேன். உனக்கு வலித்ததா? வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீ.

நேற்றும் அதையே சொன்னார். இந்த முறை விடவில்லை. "தப்பு செஞ்சது நான், துரை. கண்டுபுடிச்சது என் சம்சாரத்தோட காலு."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அவங்கள பாக்கணுமே" என்றார் நம் தமிழிலேயே. உன் படத்துக்கு முன்னால் கூட்டிப்போனேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, செல்லம்மா.

இப்போது சீட்டில் என் தங்கை உட்காருகிறாள். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது என்றால் நானே சொன்னாலும் இறங்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் இறங்காவிட்டால் மறுபேச்சில்லாமல் திறந்து பார்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் காலை நம்பிப் பிழைத்த
உன் வீட்டுக்காரன்