ஈரச் சிமெண்டில் உங்கள் பெயர்

இம்பாபா, கெய்ரோ
ஷஃபான் பிறை 29

என் பிள்ளைகளின் தகப்பனார் ஸப்ரி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். நாதியாவுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். சின்னவனுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. உங்கள் முப்பத்தொரு புறாக்களும் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன. குவைத்தில் வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

நலம் விசாரித்தாயிற்று. இனி நான் கோபத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உங்கள் தாயாருக்குப் படிக்கத் தெரியாது, வழக்கம்போல நான்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கீழ்வீட்டு உம்மு ஜமாலும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். “கக்கூஸைக்கூடச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளா என் மனைவி? ரமலான் கழிந்து பெருநாள் வருவதற்குள் அந்த நாற்றம் போகவில்லையென்றால், வஜீதா தன் தகப்பன் வீட்டுக்குப் போய்ச் சுத்தம் கற்றுக்கொண்டு வரட்டும்.” என் வாயாலேயே என்னைத் திட்டிப் படித்தேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டு, “அந்த இடத்த இன்னொரு தடவ படி” என்றார். படித்தேன். ஊருக்கு வந்த உங்கள் நண்பரிடம் மாமி சொல்லி அனுப்பிய கதையை நம்பினீர்களே, பதினோரு வருஷம் கூட இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நீங்கள் போன மறுவாரமே நாற்றம் ஆரம்பித்தது. நான்கு மாதம். ஃபினாயில் ஊற்றினேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன், வினிகர் ஊற்றினேன், முட்டி போட்டு ஓடு ஓடாகத் தேய்த்தேன். கைத்தோல் உரிந்து வெங்காயம் நறுக்க முடியவில்லை. கழுவியதும் ஒரு மணி நேரம் ஒன்றுமிருக்காது. யாராவது கக்கூஸில் தண்ணீர் ஊற்றினார்களோ, போச்சு, திரும்ப வந்துவிடும். உம்மு ஜமால் படியேறும்போதே முக்காட்டை மூக்கில் பிடித்துக்கொள்கிறாள். தேநீர் குடிக்க மட்டும் தவறாமல் வருகிறாள்!

மாமி சொன்ன காரணம் என்ன தெரியுமா? “அடியே, கொதிக்கிற தண்ணிய பிஸ்மில்லா சொல்லாம ஓட்டைல ஊத்திருப்ப. உள்ள இருக்குறதுங்களோட புள்ளைங்கள சுட்டுட்ட. அதான் பழி வாங்குதுங்க.” நான் ஒருநாளும் சொல்லாமல் ஊற்றியதில்லை. சத்தமாகச் சொல்லித்தான் ஊற்றுவேன். அவர் காதில் விழுந்தால்தானே! ஏழு நாள் சாம்பிராணி போட்டார். நாற்றமும் சாம்பிராணியும் கலந்து வீடு முழுக்க நின்றது. சின்னவன் சோற்றுத் தட்டோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஜின்கள் வேறு எங்கும் இடமில்லாமல் நம் கக்கூஸுக்கா குடிவந்தன?

உங்கள் கடிதம் படித்த மறுநாளே, யாரிடமும் கேட்காமல், பிளம்பர் உஸ்தா மீலாதை நான் கூட்டி வந்தேன். அதற்கும் திட்டுங்கள், பரவாயில்லை. அவர் கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுத் தரையில் இருக்கும் ஓட்டையைப் பார்த்தார். அது குளுக் குளுக் என்று சத்தம் போட்டது. அதன் வளைவில் நின்ற தண்ணீரைக் குழாய் அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறதாம். அது போனால் வாசல் திறந்த மாதிரி. அவர் என்னிடம், “அம்மா, உங்க வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. குழாய்க்குத்தான் மூச்சு முட்டுது. மொட்டமாடில என்ன இருக்கு?” என்று கேட்டார். நான்கு மாதத்தில் என் மேல் தப்பில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் மாடிக்கு ஏறினேன்.

மாடியில் என்ன இருக்கும்? உங்கள் புறாக்கூண்டு. கூண்டுக்கு அடியில், கக்கூஸ் குழாய் மூச்சு விடும் காற்றுக் குழாய். அதன் வாயில் ஒரு கை கனத்துக்குச் சிமெண்ட். சிமெண்ட் ஈரமாக இருந்தபோது விரலால் எழுதியது: ஸப்ரி.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை. கரண்டியும் கையுமாக இருந்தீர்கள். நான் தேநீர் கொண்டு வந்தேன். “இந்தக் குழாய் நாத்தம் என் குஞ்சுங்களுக்கு ஆகாது வஜீதா, அடச்சிட்டேன்” என்றீர்கள். நல்ல வேலை செய்தீர்கள் என்று நானும் சிரித்தேன். என் புத்தியை எங்கே கொண்டுபோய் அடிக்க! புறாவின் மூக்குக்கு வலிக்குமே என்று நாற்றத்தை என் தலையில் இறக்கிவிட்டுப் போய், குவைத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்தச் சிமெண்டைப் பார்த்த நேரத்தில் மட்டும் கையில் ஃபிரீக் கோதுமை இருந்திருந்தால், அல்லாஹ் மேல் ஆணை, முப்பத்தொன்றின் வயிற்றிலும் அடைத்து அடுப்பில் ஏற்றியிருப்பேன்.

உஸ்தா உளியை எடுத்தார். முதல் அடியை நான்தான் அடித்தேன். அடைப்பு உடைந்ததும் காற்றுக் குழாயின் மேல் இன்னொரு குழாயைச் சேர்த்துக் கூண்டுக்கும் மேலே உயர்த்திவிட்டார். உங்கள் குஞ்சுகளுக்கும் தொந்தரவில்லை. இவ்வளவுதான் வேலை, அரை நாள்கூட ஆகவில்லை. இன்றோடு நான்கு நாள், வீட்டில் நாற்றம் துளியும் இல்லை. உங்கள் பெயர் இருக்கும் துண்டை மட்டும் உடையாமல் எடுத்து வைத்திருக்கிறேன். கக்கூஸ் கதவு அடிக்காமலிருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மாமியிடம் சொன்னேன். “எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான். சாம்பிராணிக்குப் பயந்து ஜின் போயிருச்சு. நீ பிளம்பர்கிட்டச் சொல்லிக்கொடுத்துப் பேச வெச்சிருப்ப” என்றார். அந்தத் துண்டைக் காட்டினேன். “எனக்குப் படிக்கவா தெரியும்? அதுல உன் அப்பன் பேருகூட இருக்கலாம்” என்றார். உம்மு ஜமால் தலையாட்டினாள். நாற்றம் போய்விட்டது, ஆனால் பெயர் போகவில்லை. பெருநாள் விருந்துக்கு உங்கள் உறவெல்லாம் வரும். சுத்தமில்லாதவள் என்ற பெயரோடு நான் அவர்களுக்குச் சோறு போட மாட்டேன். என் துணிப்பையைப் பாதி கட்டி வைத்திருக்கிறேன். தகப்பன் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போனால் சுத்தம் கற்றுக்கொள்ளப் போகிறவளாகப் போக மாட்டேன், திரும்பி வருகிறவளாகவும் போக மாட்டேன்.

என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்கள் தாயார் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குழாயை அடைத்தது நான்தான் என்று எழுதுங்கள். ரமலான் பிறை இருபத்தைந்துக்குள் வந்து சேரட்டும். உம்மு ஜமாலையும் உட்கார வைத்து நானே படிப்பேன். அந்த இடத்தை இன்னொரு தடவை படி என்று யாரும் சொல்லாவிட்டாலும் இரண்டு தடவை படிப்பேன்.

அல்லாஹ் உங்களை வெயிலிலிருந்தும் விபத்திலிருந்தும் காப்பானாக. புறாக்களுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரிய எழுத்தாக, தெளிவாக எழுதுங்கள். படிக்கும்போது கண்ணீர் என் கண்ணை மறைத்தாலும் நடுவில் நிற்கக் கூடாது.

நாதியாவின் தாய்,
வஜீதா