ஓரிரு இடங்களில் பனிமூட்டம்

இன்று விடியற்காலையில் கம்பெனிப் புகை நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கதவைத் திறக்கும் முன்பே, வெளியே பனி இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கலீஜு காத்து வந்துடுச்சு. இன்னைக்குக் கடலு கண்ணுக்குத் தெரியாதுய்யா" என்று சொல்லியிருப்பாய்.

நான் அடுத்துச் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். போனை எடுத்து வானிலை அறிக்கையைப் படித்தேன். நானே படித்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு திருவொற்றியூரில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இது நான் எழுதும் முதல் கடிதம். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் 'ழ' போட்டு வளைத்து முடிக்கும்போது கைக்கு வருகிற சந்தோஷம், வலை நிறைய மீன் விழுந்த நாளில்கூட வந்ததில்லை.

நேற்று மாலை அதே அறிக்கையில் "வானம் தெளிவாகக் காணப்படும்" என்று இருந்தது. அதை நம் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் படித்தேன். அதை நம்பித்தான் அவன் கடலுக்குப் போனான். விடிவதற்குள் அறிக்கையை மாற்றிவிட்டார்கள். "ஓரிரு இடங்களில் பனிமூட்டம்."

ரேடியோவில் இதைக் கேட்டாலே நீ திட்டுவாய். "அந்த ஓரிரு இடம் எங்க கீதுன்னு மட்டும் சொல்ல மாட்டான். நம்ம வூட்டு வாசலா, எண்ணூரா, இன்னான்னு தெரிஞ்சிகினு நான் கருவாடு காயவெக்கறது?"

பனி எப்படி வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். வண்ணாரப்பேட்டை பிளாட்பாரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கினேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பொடிப்பொடித் துளிகளாகி மிதக்கிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. புகையும் நாற்றமும் மூடியைத் தாண்ட முடியாமல் நம் வீட்டுக்குள் வருகின்றன. சத்தமும் அப்படித்தான். மேலே போக வேண்டியது வளைந்து கீழே இறங்கி, எங்கேயோ கேட்க வேண்டியது காதருகே கேட்கிறது.

அதைப் படித்ததும் உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த நாள் உனக்கு மறந்திருக்காது.

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களுக்கு நடுவே நம் படகுகள் நுழைய ஒரே ஒரு வழி. பனியில் அது தெரியாது. தப்பினால் அலை தூக்கிக் கல்லில் அடித்துவிடும். அதனால் பனி நாளில் வீட்டு ஆட்கள் அந்த வழிக்கு நேரே கரையில் நின்று தகர டின்னைத் தட்டுவார்கள். உன் தட்டு எனக்குத் தெரியும். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி ஓர் அடி.

அன்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ராயபுரம் பக்கத்து ரயில் என் படகுக்குள்ளேயே ஊதியது. பக்கத்தில் யாரோ இருமினார்கள். பக்கத்தில் படகு எதுவும் இல்லை. பிறகு உன் டின் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே வந்து சரியாக வழியில் நுழைந்தேன்.

"கடைசி வரைக்கும் நல்லா தட்டுன" என்றேன்.

"யோவ், இன்னா ஒளர்ற? கை வுட்டுப்போயி எப்பவோ நிறுத்திட்டேன். டின்னு மேலதான குந்திகினு கீறேன்."

குனிந்து பார்த்தேன். டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். அப்புறம் பல வருடம், "இன்னாய்யா, இன்னைக்கும் கேட்டுச்சா?" என்று கிண்டல் செய்தாய். ஆனால் அதற்குப் பிறகு பனி நாளில் நீ டின்மேல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

விம்கோ நகர் பக்கம் யாரோ பட்டறையில் தகடு அடித்த சத்தம்தான் வளைந்து வந்திருக்கும் என்று புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவு செய்திருந்தேன். அது ஏன் உன் தாளத்தில் வந்தது என்பதற்குப் புத்தகத்தில் பாடம் இல்லை.

இன்று அந்த டின்னை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். எனக்கு உன் தாளம் வராது. கன்னாபின்னாவென்று தட்டினேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்புறம் கையே எழவில்லை. டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். என் முன்னால் கடல் இல்லை, வெள்ளையாக ஒன்று நின்றது. நான் படித்துச் சொன்ன அந்த ஒரு வரிதான் மனதில் ஓடியது. வானம் தெளிவாகக் காணப்படும்.

வெகுநேரம் கழித்து, வெள்ளைக்குள்ளிருந்து படகின் மூக்கு கல்லுக்கு நடுவே நேராக வந்தது.

"இன்னா நைனா, இந்த வயசுல இப்படித் தட்டற?" என்று இறங்கினான் மகன். "போன்ல மேப்பு கரையத்தான் காட்டுது, கல்லக் காட்டல. உன் டின்னுதான் காப்பாத்துச்சு. கிட்ட வர வர ஜோரா கேட்டுச்சு. அம்மா மாரியே ரெண்டு தட்டி வுட்டு ஒண்ணு. எப்பக் கத்துகின?"

நான் டின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். பனியில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

கை ஓய்ந்து எப்பவோ நிறுத்திவிட்டதை அவனிடம் சொல்லவில்லை. நாளைக்கும் அவன் கடலுக்குப் போக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வெயில் ஏறியதும் பனி விலகிவிட்டது. டின் கதவோரம் இருக்கிறது. நீ தட்டித் தட்டிப் பள்ளமான இடத்தில் என் கட்டைவிரல் பொருந்துகிறது.

அன்று எனக்காகத் தட்டியது யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அதை நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. இனி அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று வந்தால், அது எந்த இடம் என்று யோசிக்காமல் டின்னோடு போய் நிற்பேன். என்னால் முடிந்தவரை தட்டுகிறேன். கை ஓய்ந்தால் நீ பார்த்துக்கொள்.