காற்றுப் புகாத வீடு

என்ரை ராசாவுக்கு,

விசா கிடைத்துவிட்டது. நான் கனடாவுக்குப் போகப்போகிறேன். தை மாதம் எங்கள் மகள் அருந்ததிக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. சந்தோசத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் கோபிக்க வேண்டாம்.

தையில் அங்கே பனி முழங்காலளவு நிற்குமாம். நான் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்க் கம்பளிச் சால்வையும் பிள்ளைக்குக் குட்டிக் காலுறையும் வாங்கிவிட்டேன். நேற்றுப் போனில் அவள், "அம்மா, வீடு ரெடி. யன்னல் எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் விரிச்சு டேப் ஒட்டிப்போட்டம்" என்றாள்.

நான் எங்கள் யன்னலைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வேலை செய்த கந்தோருக்குப் பக்கத்தில் குண்டு வெடித்து, யன்னல் கண்ணாடி உடைந்து பறந்து உங்களைக் கொண்டுபோன பிறகு, இங்கே கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் நானும் கண்ணாடி சிதறாமலிருக்க யன்னலுக்கு டேப் ஒட்டித்தானே வைத்திருக்கிறேன்.

"அங்கையும் குண்டு வைக்கிறாங்களோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு விசர் அம்மா. இது குளிருக்கு. துளிக் காத்தும் உள்ளுக்கு வராது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு இப்போதுதான் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் பேரப்பிள்ளையை மடியில் சூடாக வைத்துக்கொண்டு, பயமில்லாமல் யன்னலோரம் இருப்பேன்.

ஒரு யோசனைதான். இங்கே தினமும் உங்களுக்குச் சோறு வைத்து, காகம் வந்து தொட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன். அங்கே பனிக்காலம் முடியும்வரை யன்னல் திறக்க ஏலாது, வெளியில் காகமும் வராதாம். நீங்கள் எந்த வழியால் வந்து சாப்பிடுவீர்கள்?

உங்கள் மனுசி