ஒண்ணேகால் மணி நேரம்

அக்கா,

நேற்று பீரோவில் போர்வை தேடியபோது அந்தப் பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே உனக்கு வாங்கிய கோடிச் சேலை, மடிப்புக் கலையாமல். பையின் பிடியில் விமானத்துக்குக் கட்டிய சீட்டு இன்னும் தொங்குகிறது. அதைப் பிய்த்துப் போடக்கூட எனக்குத் துப்பில்லை.

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரம். முதல் தடவை பறந்து வந்தபோது அருப்புக்கோட்டையில் உன் வீட்டு வாசலில் நின்று இதைத்தான் பீற்றிக்கொண்டேன். நீ மல்லி புடைத்துக்கொண்டிருந்தாய். "ஏலே, அம்புட்டுப் பக்கமா? அப்ப இனி அடிக்கடி வருவ," என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இனிமேல் மதுரையிலிருந்து வரும் வழியில் காரியாபட்டி வரும்போதே போன் பண்ண வேண்டும் என்றாய். நான் வரும்போது குழம்பு சூடாக இருக்க வேண்டுமாம்.

பஸ்ஸில் வந்த காலத்தில் வருடத்துக்கு நாலு தடவை வந்தவன் நான். நினைத்தால் வந்துவிடலாம் என்று ஆனபிறகு வருவதே நின்றுபோனது. பொங்கல் சீரைக்கூடப் பார்சலில் அனுப்பினேன். "சீரு வந்துருச்சு, நீ எங்கலே?" என்று போனில் கேட்டாய். "ஒண்ணேகால் மணி நேரந்தானக்கா, கூப்பிட்டா வந்து நிப்பேன்," என்றேன். நீ அதை நம்பினாய். ஊர் பூராவும் சொல்லியும் வைத்தாய்.

நீ போன செய்தி சாயங்காலம் வந்தது. அப்போதே பஸ் ஏறியிருந்தால் விடியும்போது அருப்புக்கோட்டையில் இறங்கியிருப்பேன். நான் காலை விமானத்துக்குச் சீட்டுப் போட்டேன். பெரிய மனுஷன் அல்லவா! அந்த விமானம் மத்தியானம்தான் கிளம்பியது.

பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் நம் பக்கம் செத்த பெண்ணைச் சுடுகாட்டுக்கு எடுப்பதில்லை. உன் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். "அவுக தம்பி பிளேன்ல வாராக, இந்தா வந்துருவாக" என்று சொல்லிச் சொல்லி ஊரே வெயிலில் நின்றதாம். நான் காரியாபட்டியைத் தாண்டும்போது அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, இனி வச்சிருக்க முடியாதுய்யா. ஒங்க பெரியப்பா மகனவிட்டுக் கோடி போட்டாச்சு. எடுக்குறோம்."

குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீ நன்றாகப் பிடித்திருந்தது. சேலைப் பையோடு ஓரமாக நின்றேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை உன் மகள் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு வருசத் தெவசம் வருது மாமா. வருவீகளா?"

"வராம இருப்பேனா? ஒண்ணேகால் மணி நேரந்தான..." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பஸ்ஸுலயே வாங்க மாமா," என்றாள்.

பஸ்ஸில்தான் வருகிறேன் அக்கா. இந்தச் சேலையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. இனி உனக்குப் போர்த்த முடியாது; செத்தவளுக்கு வாங்கியதை உயிரோடிருக்கிற யாரும் கட்டவும் மாட்டார்கள். அது என்னிடமேதான் இருக்கும்.