பூனைமேல் போட்ட பழி

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாகத் தள்ளிவிடாதே. மூன்று வருடமாகப் பிறந்தநாளுக்கு இரண்டு வரி எழுதிக்கொள்வதோடு சரி. இது பிறந்தநாள் கடிதம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பேக்கரியில் மாவு மூட்டையைப் பிரித்துப் பிசையும் இயந்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போன மூச்சு வெளியே வர மாட்டேன் என்கிறது. பேச வாயெடுத்தால் விசில் சத்தம்தான். முதலாளி பதறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு நாள் இருந்துவிட்டு வந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். "லீவு நாள்ல எப்படி இருக்கும்மா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் கிடந்தேன், அப்போது ஒரு தும்மல்கூட இல்லை!

மூச்சின் வேகத்தை அளக்க ஒரு குழாய் கொடுத்திருக்கிறாள். காலையும் மாலையும் ஒரே மூச்சில் ஊதி, முள் நிற்கிற எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அடுத்த மாதம் தோலில் ஏதோ பரிசோதனையாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? துரை எப்படி இருக்கிறான்?

உன் அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் கிடந்ததை எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாய். அது உன் வழக்கம்தானே.

ஒன்று மட்டும் புரியவில்லை. பூனை முடியால்தான் இழுப்பு வருகிறது என்று நீயே தீர்ப்பு எழுதினாய். "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாய். துரையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பூனை போய் மூன்று வருடம் ஆன வீட்டில் உனக்கு எப்படி மூச்சு முட்டியது?

பரிசோதனை முடிந்ததும் எழுது. அந்த எண்களையும் அனுப்பு.

சிட்டு


ஏப்ரல் 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

முன்கையில் பன்னிரண்டு சொட்டு வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஊசி முனையால் லேசாகக் கீறினாள். கால்மணி நேரம் சொறியாமல் உட்கார வேண்டும். கோதுமை மாவுச் சொட்டு கொசு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்துவிட்டது. பூனைக்கு வைத்த சொட்டு? அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"முன்னெல்லாம் வேலையில நல்லாதானே இருந்தேன்? வீட்டுக்கு வந்தாதானே இழுக்கும்?" என்று கேட்டேன்.

"மாவுத் தூசி சில மணி நேரம் கழிச்சும் வேலையக் காட்டும்மா. பாவம், நீங்க வீட்டச் சந்தேகப்பட்டிருக்கீங்க," என்றாள். ரொட்டி தாராளமாகத் தின்னலாமாம். அந்தத் தூசியைச் சுவாசிக்கத்தான் கூடாதாம்.

உறிஞ்சும் மருந்து இரண்டு கொடுத்திருக்கிறாள். ஒன்று காலையும் மாலையும். நன்றாக இருக்கிற நாளிலும் விடக்கூடாது, உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்னொன்று அவசரத்துக்கு, எப்போதும் பையில்.

மாவறையை விட்டுவிடச் சொல்கிறாள். இருபத்திரண்டு வருடம், சிட்டு. மாவைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்று சொல்லிவிடுவேன். முதலாளியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. முகமூடி கட்டிச் சமாளிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன அடுத்த வாரமே எனக்கு இழுப்பு வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. பூனை காரணமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. உன்னைத் திரும்பக் கூப்பிட வாய் வரவில்லை. வீம்புதான், வேறென்ன சொல்ல? மன்னித்துவிடு.

எண்களை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் லீவு நாளில் நானூறு. அதற்கு மூன்றாம் நாள் இருநூற்று அறுபது. எல்லா வாரமும் இதே கதை. இதைப் பார்த்த பிறகும் முகமூடி கட்டிக்கொண்டு போகிறாயா? நாளைக்கே முதலாளியிடம் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ மறைத்ததைப் படித்ததும் எழுந்து போய்ப் பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினேன். அவ்வளவு கோபம். ஆனால் நானும் உன்னிடம் இரண்டு விஷயம் மறைத்தேன்.

துரை போன வருடம் போய்விட்டான். வயதாகிவிட்டது, வலியில்லாமல்தான் போனான். நீ கேட்டபோது சொல்ல மனம் வரவில்லை.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். அம்மா போனதிலிருந்து என் சாப்பாடு, என் துணி, நான் வீடு திரும்பும் நேரம், எல்லாம் உன் கையில்தான். இருபத்தொன்பது வயதிலும் தட்டில் பரிமாறிக்கொள்ளக்கூடத் தெரியாமல் இருந்தேன். தனியாக இருந்து பார்க்க ஆசையாக இருந்தது. எப்படிச் சொல்வது? நீ சண்டை போட்டாய், நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். துரையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அழுதேன், உண்மை. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

திரும்பி வந்து உன்னோடு இருக்க மாட்டேன் அக்கா. வந்து பார்த்துவிட்டுப் போகலாமா?

சிட்டு


மே 18

அன்புள்ள சிட்டுவுக்கு,

சொல்லிவிட்டேன். "இத்தன நாளா மூச்ச அடக்கிக்கிட்டா வேல பார்த்தீங்க?" என்று முதலாளி என்னைத்தான் திட்டினார். இப்போது தெருமுனையில் இருக்கிற விற்பனைக் கடையில் உட்கார்ந்து ஆர்டர் எழுதுகிறேன். அங்கே மாவு கிடையாது. முதல் வாரம் கை இரண்டையும் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நேற்று, வேலை நாளிலேயே, முந்நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

துரைக்காக அழுதேன். வீட்டில் இத்தனை இடம் இருக்க, என் தலையணையில்தான் படுப்பான், போக்கிரி.

நீ எழுதியதை முதல் முறை படித்தபோது, வளர்த்ததற்குக் கிடைத்த பரிசு இதுதானா என்று பொருமினேன். மறுபடி படித்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது உன்னைக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வா. இதற்கு மேலே அடித்திருக்கிற மூன்று வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. எந்த வண்டியில் ஏற வேண்டும், என்னென்ன எடுத்துவர வேண்டும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்று எழுதிவிட்டு நானே அடித்தேன்.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது வா.

உன் அக்கா